மோட்டார் சைக்கிளில் நெடும்பயணம்: பொதியைத் தேர்ந்தெடுக்கும் முறை

விருத்தாசலம் வட்டாரத்துச் சங்கங்களுக்குத் தணிக்கைக்காகச் செல்லுமிடங்களில் அங்கத்தினர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் கடன், வட்டி, பங்குத் தொகை ஆகியவை பற்றியனவாகவே இருக்கும். அண்மைக் காலமாக வேறொரு கேள்வியும் அவற்றோடு சேர்ந்து வருகின்றது. "சார், வண்டியிலேயே தூர தேசம் போய்வரலாம் என்று எண்ணம், எந்தப் பெட்டி வாங்கினால் நல்லது?" என்பதே அது. கேட்பவர் மூவகையினர். சேலை மூட்டையுடன் சென்னைக்கோ கோயம்புத்தூருக்கோ கண்காட்சிக்குச் செல்லும் நெசவாளர் ஒரு வகையினர். அகல் விளக்கும் கொலுப் பொம்மையும் மாதிரி காட்டி 'ஆர்டர்' பிடிக்க ஊர் ஊராகச் செல்லும் செராமிக் தொழிலாளர் மற்றொரு வகையினர். மூன்றாம் வகையினர், முந்திரித் தோப்பும் கரும்புக் கொல்லையும் உடைய குடும்பங்களில் பிறந்து, படிப்பை முடித்துவிட்டு, லடாக் வரை ஒரு முறை போய்வந்தாலன்றி உறக்கம் கொள்ளாத இளைஞர்கள்.

மூவரும் கேட்கும் கேள்வி ஒன்றே; மூவரும் தொடங்கும் இடமும் ஒன்றே. கடைக்குச் சென்று பெட்டியின் விலையைக் கேட்கின்றனர். பிறகு அதன் அழகைப் பார்க்கின்றனர். பொதியின் எடை எவ்வளவு, அது வண்டியில் எவ்விடத்தில் அமரும் என்பவற்றைக் கடைசியில் கேட்போர் சிலர், கேளாதவர் பலர். ஆயினும் பயணம் நலமாக முடிவதும் முடியாததும் இவ்விரண்டையே பெரிதும் பொறுத்துள்ளன. ஆதலின் பெட்டியை விட்டுவிட்டு முதலில் பொதியைப் பற்றிச் சிறிது ஆராய்வோம்.

பொதி ஏற்றும் கலை நமக்குப் புதியதன்று. சக்கரமில்லாத காலத்திலும் சாலையில்லாத இடத்திலும் நம் வணிகர் மாட்டின்மீதும் கழுதையின்மீதும் பொதியேற்றிச் சென்றனர். பத்துப்பாட்டில் ஒன்றாகிய பெரும்பாணாற்றுப்படையில், கடியலூர் உருத்திரங்கண்ணனார் மிளகுப் பொதி சுமந்து செல்லும் கழுதைச் சாத்தினைப் பாடுகின்றார். முதுகின் இருபுறமும் ஒத்த எடையுடன் தொங்கும் அப்பொதிகளை அவர் பலாப்பழத்திற்கு ஒப்பிடுகின்றார். பண்ணுருட்டிக்கு அருகில் வாழும் நமக்கு இவ்வுவமையை விளக்கவேண்டுவதில்லை. பலா எவ்வாறு மரத்தின் அடிப்பகுதியை ஒட்டிக் கனத்துத் தொங்குகின்றதென்பதை நாம் நாள்தோறும் காண்கின்றோம். இருபுறமும் சமம், கீழே தொங்குதல், உடலை ஒட்டியிருத்தல் ஆகிய மூன்று விதிகளும் அந்த உவமைக்குள் அடங்கிக் கிடக்கின்றன. மோட்டார் சைக்கிளுக்கும் இவற்றுக்குமேல் பெரிய விதி எதுவுமில்லை.

(அப்பலாப்பழத்தையே ஒரு முழுப்பழமாகப் பின்கேரியரின் உச்சியில் ரப்பர் கயிற்றால் கட்டிக்கொண்டு பறப்பவர்களையும் நம் சாலைகளில் காண்கின்றோம். புலவர் அதனைக் கண்டிருந்தால் வேறு உவமை தேடியிருப்பார்.)

எடை எங்கே அமர வேண்டும்?

கிணற்றில் ஏற்றம் இறைத்த குடும்பத்தாருக்கு நெம்புகோல் தத்துவத்தைப் புத்தகத்தைக் கொண்டு விளக்கத் தேவையில்லை. மோட்டார் சைக்கிளின் பின்சக்கர அச்சே இங்கு ஏற்றக்கால். அதற்கு முன்னால் வைக்கும் எடையை இரு சக்கரங்களும் பகிர்ந்துகொள்கின்றன. அதற்குப் பின்னால் வைக்கும் எடையோ, பின்சக்கரத்தை அழுத்துவதோடு நில்லாமல் முன்சக்கரத்தை மேலே தூக்கவும் செய்கின்றது.

ஒரு கணக்கைப் பார்ப்போம். வண்டியின் இரண்டு அச்சுகளுக்கும் இடையே 140 செ.மீ. தூரம் என்று கொள்வோம். பின் அச்சுக்கு 40 செ.மீ. பின்னால், கேரியரின் நுனியில், 14 கிலோ எடையுள்ள பெட்டியொன்றைப் பொருத்துகின்றோம். 14-ஐ 40-ஆல் பெருக்கி 140-ஆல் வகுத்தால் 4 வருகின்றது. அஃதாவது, முன்சக்கரம் தரையை அழுத்தும் எடையில் 4 கிலோ குறைந்துவிடுகின்றது. பின்சக்கரத்தின்மீது 14 கிலோ அன்று, 18 கிலோ ஏறுகின்றது. அதே 14 கிலோவை இரு பைகளாகப் பிரித்துப் பின் அச்சுக்கு 20 செ.மீ. முன்னால் இருபுறமும் தொங்கவிட்டால், முன்சக்கரத்துக்கு 2 கிலோ கூடுகின்றது. பின்சக்கரத்துக்கு 12 கிலோவே சேர்கின்றது. பொருளும் அதே, எடையும் அதே. இடம் மாறியதால் மட்டும் முன்சக்கரத்தில் 6 கிலோ வேறுபாடு. திரும்புவதும் நிறுத்துவதும் பெரிதும் முன்சக்கரத்தின் பிடிப்பினால் நடைபெறுகின்றன என்பதை நினைவிற் கொண்டால், மணல் சிந்திய திருப்பத்தில் இவ்வேறுபாடு எவ்வளவு பெரியதென்பது விளங்கும்.

இது ஏட்டுக் கணக்கன்று. 1952 ஆம் ஆண்டில் எர்னஸ்டோ கெவாராவும் அவருடைய நண்பர் ஆல்பர்ட்டோ கிரானாடோவும் அர்ஜென்டினாவிலிருந்து 500 சி.சி. நார்ட்டன் வண்டியொன்றில் தென் அமெரிக்கப் பயணம் புறப்பட்டனர். பின்புறத்தில் மிகுதியாக ஏற்றிய பாரம் முன்சக்கரத்தைத் தூக்குவதையும், சிறிது கவனம் தவறினாலும் தாங்கள் விழ நேர்வதையும் கெவாரா தம் பயணக் குறிப்புகளில் எழுதியுள்ளார். பலமுறை விழுந்து, கம்பியால் கட்டி ஒட்டவைத்து ஓட்டிய அவ்வண்டி சிலி நாட்டுடன் தன் ஓட்டத்தை முடித்துக்கொண்டது. மீதிப் பயணத்தை நண்பர்கள் பிறர் வாகனங்களில் ஏறியும் நடந்தும் முடித்தனர். அவர் பிற்காலத்தில் எவ்வளவு புகழ் பெற்றவராயினும், பொதி ஏற்றுவதில் அவரைப் பின்பற்ற வேண்டா என்பதே என் கருத்து.

உயரமும் இதே அளவுக்கு முக்கியமானது. இருக்கையின்மேல் மூன்றடுக்காக மூட்டையை உயர்த்திக் கட்டினால் வண்டி சாயும்போது அம்மூட்டை மேலும் சாய்க்கவே முயலும். நேராகச் செல்கையில் ஒன்றும் தெரியாது. பேருந்து ஒன்றைக் கண்டு ஒதுங்கும்போதும், நின்று காலூன்றும்போதுமே அது தெரியவரும். கனமான பொருள்கள் (கருவிகள், உதிரிப் பாகங்கள், தண்ணீர்) பக்கப் பைகளின் அடியிலும், இலேசான துணிமணிகள் மேலும் இருத்தல் வேண்டும்.

எவ்வளவு ஏற்றலாம்?

ஒவ்வொரு வண்டிக்கும் அதன் உற்பத்தியாளர், வண்டியின் எடையும் அதில் ஏறும் அனைத்தின் எடையும் சேர்ந்து இவ்வளவைத் தாண்டலாகாது என்று ஒரு வரம்பு விதித்திருக்கின்றார். அது வண்டியுடன் தரப்படும் கையேட்டில் இருக்கும். பலர் அக்கையேட்டை இருக்கைக்கு அடியில் வைத்துப் பூட்டிவிட்டு, வண்டியை விற்கும்போதே வெளியில் எடுக்கின்றனர்.

கணக்குக்காக, வரம்பு 360 கிலோ, வண்டியின் எடை பெட்ரோலுடன் 190 கிலோ என்று கொள்வோம். மிச்சம் 170. ஓட்டுநர் 70 கிலோ. தலைக்கவசம், கனத்த சட்டை, காலணி ஆகியவை 6 கிலோ. மீதி 94. பின்னால் 60 கிலோ எடையுள்ள துணைவர் அமர்ந்தால் மீதி 34 கிலோவே. இனிப் பெட்டியைக் கருதுக. இரண்டு அலுமினியப் பக்கப் பெட்டிகளும், அவற்றைத் தாங்கும் இரும்புச் சட்டமும் சேர்ந்து, உள்ளே ஒரு கைக்குட்டைகூட வைக்காமல், 15 கிலோவுக்கு மேல் போகக்கூடியவை. 16 என வைத்தால் பொருளுக்குக் கிடைப்பது 18 கிலோ. துணிப் பக்கப் பைகளும் சிறு சட்டமும் 5 கிலோ என்றால் பொருளுக்கு 29 கிலோ கிடைக்கின்றது. சேலை கொண்டுசெல்லும் நெசவாளர் இந்த 11 கிலோவில் எத்தனைச் சேலைகள் அடங்கும் என்பதைத் தாமே கணக்கிட்டுக்கொள்வாராக.

பெட்டியா, பையா?

கடினப் பெட்டிக்குரிய நன்மைகளை மறைக்க வேண்டியதில்லை. அதனைப் பூட்டலாம், மழை புகாது, விடுதியில் கழற்றி எடுத்துச் செல்லலாம், சமையலுக்கு மணையாகவும் பயன்படும். நகரத்தில் வண்டியை நிறுத்திவிட்டு ஒவ்வொரு கடையாக ஏறியிறங்க வேண்டிய வியாபாரிக்குப் பூட்டு ஒரு பெரிய நிம்மதியே.

ஆயினும் வண்டி ஒருக்களித்து விழும்போது பெட்டியின் விளிம்பு வளைந்தால், மூடி பொருந்தாது, பூட்டு விழாது, மழையும் உட்புகும். அதனினும் கொடியது ஒன்றுண்டு. மணலிலும் சேற்றிலும் செல்லும் ஓட்டுநர் தடுமாறும்போது இயல்பாகவே காலைத் தரையில் ஊன்றுவார். வண்டி முன்னே செல்ல, ஊன்றிய கால் பின்னால் தங்க, கெண்டைக்காலின்மேல் பெட்டியின் முன்விளிம்பு வந்து மோதும். இவ்வாறு எலும்பு முறிந்தவர்கள் உலகெங்கும் உண்டு. துணிப்பையாயின் அது மோதினாலும் மசிந்து கொடுக்கும். மேலும் பக்கப் பெட்டிகள் கைப்பிடியினும் அகலமானவையாக அமைவதுண்டு. கைப்பிடி நுழைந்த இடத்தில் வண்டி முழுதும் நுழையுமென்று நம்பிப் பழகிய நாம், இரண்டு லாரிகளுக்கிடையே புகுந்தபின் அவ்வகலத்தை உணர்வதில் பயனில்லை.

எனவே என் துணிபு இது: கல்லும் மணலுமான பாதைக்குத் துணிப்பை, நல்ல சாலையில் நகரிலிருந்து நகருக்குச் செல்லும் வியாபாரப் பயணத்துக்கு, பொருளின் விலை பூட்டை வேண்டுமானால், சிறிய பெட்டி. எவ்வகையாயினும் சிறியதையே வாங்குக. பெரிய பெட்டியில் இடம் காலியாக இருந்தால் அதனை நிரப்பாமல் விடும் மனிதரை நான் கண்டதில்லை.

நெசவாளர் கண்ணால் பையைப் பார்த்தல்

துணிப்பை என்றவுடன் அங்கத்தினர்களில் பாதிப்பேர் அதில் வல்லுநராகிவிடுகின்றனர். கடைக்காரர் சொல்லும் சொற்களை நம் சொற்களாக மாற்றிக்கொண்டால் போதும்.

பையின் சீட்டில் '1000 டெனியர்' என்று எழுதியிருப்பர். பட்டு நெய்வோர் டெனியரை அறிவர்: 9,000 மீட்டர் நீளமுள்ள இழையின் எடை எத்தனைக் கிராமோ, அத்தனை டெனியர். எண் உயர உயர இழை தடிக்கும். பருத்தி நூலுக்கோ நாம் நம்பர் சொல்கின்றோம்: ஒரு பவுண்டு எடையில் 840 கஜச் சிட்டங்கள் எத்தனை நிற்குமோ, அத்தனை நம்பர். இங்கு எண் உயர உயர இழை மெலியும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு வர 5,315 என்னும் எண்ணை வகுக்க வேண்டும். 40-ஆம் நம்பர் நூல் ஏறக்குறைய 133 டெனியர். 1000 டெனியர் இழை 5-ஆம் நம்பரைச் சற்றே கடந்தது. அஃதாவது நாம் சேலைக்குப் போடும் 40-ஆம் நம்பர் நூலில் ஏழரை இழைகளைச் சேர்த்த கனம் அந்த ஒரே இழையில் உள்ளது. இதனை அறிந்தபின் '1000' என்னும் எண்ணைக் கண்டு மயங்கவும் வேண்டியதில்லை, அதனைப் பொய்யென்று தள்ளவும் வேண்டியதில்லை.

எண் மட்டும் போதாது. இழையின் இயல்பையும் நெருக்கத்தையும் பார்க்க வேண்டும். நைலான் உராய்வை நன்கு தாங்கும். சாலையில் வண்டி சறுக்கினாலும் பை எளிதில் கிழியாது. ஆயின் வெயிலில் நெடுநாள் கிடந்தால் நலியும். பாலியெஸ்டர் வெயிலை அதனினும் நன்கு தாங்கும். பருத்திக் கித்தானோ நனைந்தால் இழை பருத்துத் துளைகளைத் தானே அடைத்துக்கொள்ளும். நனைந்த பருத்தி இழை உலர்ந்ததைவிட வலிமை மிகுந்தது என்பதும் நெசவாளர் அறிந்ததே. ஆனால் அது தண்ணீரைக் குடித்துக் கனக்கும், மெல்ல உலரும், ஈரத்தோடு மடித்து வைத்தால் பூசணம் பிடிக்கும். இரண்டாம் உலகப் போரில் செய்தி கொண்டுசென்ற பிரிட்டிஷ் படையினரின் மோட்டார் சைக்கிள்களில், இரும்புச் சட்டத்தின்மீது கித்தான் பைகளே இருபுறமும் தொங்கின. 1955 ஆம் ஆண்டில் என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் சென்னையில் தோன்றி, திருவொற்றியூரில் புல்லட் வண்டிகள் உருவாகத் தொடங்கிய பின்னர், நம் நாட்டிலும் கித்தானும் தோலுமே நெடுங்காலம் பக்கப் பைகளாக விளங்கின. பருத்தியை இழிவாக எண்ண வேண்டியதில்லை.

வெப்பத்தையும் கருதுக. சைலன்ஸர் உள்ள பக்கத்தில் பை தாழ்ந்து தொங்கினால் நைலான் உருகி ஓட்டை விழும்; பருத்தி உருகாது, ஆனால் கருகும், தீப்பற்றவும் கூடும். ஆதலின் எந்தத் துணியாயினும் அப்பக்கத்தில் தகட்டு மறைப்பு ஒன்று இன்றியமையாதது. காலிப் பையைத் தொங்கவிட்டுப் பார்த்து இடைவெளி போதும் என்று முடிவு செய்வது தவறு. நிறைத்த பை இரண்டு மூன்று விரற்கடை கீழே இறங்கும். வண்டி பள்ளத்தில் அமுங்கும்போது அது மேலும் நெருங்கும்.

பை வாங்கும்போது வெளிப்புறத்தைப் பாராமல் உட்புறத்தைப் புரட்டிப் பார்க்கவேண்டும். பூச்சு துணியோடு ஒட்டியுள்ளதா, தூளாக உதிர்கின்றதா, விரலில் பிசுபிசுக்கின்றதா என நோக்குக. பிசுபிசுப்பது கடையிலேயே முதுமை எய்திய சரக்கு. தையல் மடிப்பில் துணியின் ஓரம் போதிய அளவு உள்வாங்கப்பட்டிருக்கின்றதா? நாடா பையோடு சேருமிடத்தில் பலமுறை குறுக்கே தைத்திருக்கின்றனரா? பை கிழிவது நடுத்துணியில் அன்று; நாடா சேருமிடத்திலும் ஜிப்பின் முனையிலுமே.

கட்டும் முறை

அங்கத்தினர் ஒருவர் இருக்கையின் குறுக்கே இரு பைகளைத் தொங்கவிட்டுச் சேலத்துக்குப் புறப்பட்டார். வேப்பூரைக் கடக்குமுன் வலப்புறப் பை உள்நோக்கி ஊசலாடி, பின்சக்கரத்தின் கம்பிகளில் சிக்கிக்கொண்டது. மெதுவாகச் சென்றதால் சிராய்ப்போடு போயிற்று. சேலைகள் இரண்டு சங்கிலி எண்ணெயில் ஊறின. இடப்புறப் பைக்கு ஒன்றும் நேரவில்லை. காரணம் எளிது. பின்னிருக்கையில் அமர்பவரின் சேலை சக்கரத்தில் சிக்காதிருக்கச் சட்டப்படி அமைக்கப்பட்ட தடுப்புக் கம்பி இடப்புறத்தில் இருந்தது. வலப்புறத்தில் அத்தகைய தடுப்பு எதுவும் இல்லை. அழகு கெடுகின்றதென்று அக்கம்பியைக் கழற்றி எறியும் இளைஞர்களுக்கு இதனைச் சிறப்பாகச் சொல்ல விரும்புகின்றேன். தொங்கு பை வைப்பவர் வலப்புறத்திலும் அதுபோன்றதொரு சட்டத்தைப் பொருத்திக்கொள்ளவேண்டும்.

கொக்கி வைத்த ரப்பர் கயிறு மூட்டையை இழுத்துப் பிடிப்பதுபோல் தோன்றும். ஆனால் அது நீளும் இயல்புடையது. மேடுபள்ளத்தில் மூட்டை துள்ளும், கயிறு நீண்டு இடம் கொடுக்கும், மூட்டை ஒருபுறம் நகரும். கொக்கி கழன்றால் கண்ணைப் பறிக்கும். சக்கரத்தில் சிக்கினால் வண்டியையே நிறுத்தும். வளையம் வைத்த பட்டை நாடாவே சிறந்தது. தறியில் பாவை இழுத்துக் கட்டுவோருக்கு, தொய்வில்லாத கட்டு எத்தகையதென்று யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. நாடாவின் மிகுநுனியை மடித்துச் செருகிவிட வேண்டும். முதல் 20 கிலோமீட்டரில் ஒருமுறை நிறுத்தி எல்லாவற்றையும் மறுபடி இறுக்குக. பொருள்கள் உள்ளே அமர்ந்து கட்டு தளர்ந்திருக்கும்.

பொதி ஏறியபின் பின்சக்கரக் காற்றழுத்தத்தையும் பின் சுருள்வில்லின் இறுக்கத்தையும் கையேட்டில் கண்டபடி உயர்த்த வேண்டும். சங்கிலியின் தொய்வையும் பாரத்தோடு பார்க்கவேண்டும். முன்விளக்கு பாரத்தினால் வானத்தை நோக்குமாதலின் அதனையும் தாழ்த்துக.

சட்டத்தைப் பற்றி இரண்டு சொல். இலேசான பெட்டியை மோட்டார் சைக்கிளில் பொருத்துவது குறித்து 2020 ஆம் ஆண்டில் மைய அரசு விதி வகுத்தது. அதன்படி பெட்டி நீளத்தில் 550 மி.மீ., அகலத்தில் 510 மி.மீ., உயரத்தில் 500 மி.மீ. ஆகியவற்றைத் தாண்டலாகாது, பின்னிருக்கையின் இடத்தில் பெட்டி அமைந்தால் ஓட்டுநர் மட்டுமே செல்லலாம். பின்விளக்கு, திசைகாட்டும் விளக்குகள், எண்பலகை ஆகியவற்றைப் பை மறைக்கலாகாது என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை.

பீங்கானும் மழையும்

செராமிக் மாதிரிகளை எடுத்துச் செல்வோரின் இடர் தனிவகையானது. பேருந்துக் கூரையிலும் ரயில் பார்சலிலும் உடையாத பொம்மை மோட்டார் சைக்கிளில் உடைவதுண்டு. அங்கே இடிப்பது சில தடவை. இங்கே இயந்திரத்தின் நடுக்கம் மணிக்கணக்காக நிற்பதில்லை. ஒரு விளக்கு மற்றொரு விளக்கைச் சிறிதே தொட்டிருந்தாலும், அத்தொடுமிடத்தில் ஆயிரக்கணக்கான முறை உரசி, மெருகு பெயர்ந்துவிடும். ஆகவே இறுக்கிக் கட்டுவதினும் ஒன்றையொன்று தொடாமல் கட்டுவதே முதன்மையானது. தட்டுகளைப் படுக்க வைக்காமல் விளிம்பின்மேல் நிறுத்துக. விளக்கின் குழிவிலும் பொம்மையின் உட்கூட்டிலும் காகிதத்தைத் திணித்தபின்பே வெளியே சுற்றவேண்டும். கடினப் பெட்டியின் அடியில் நேராக வைத்தால் நடுக்கம் முழுதும் பொருளுக்கு வந்துசேரும். இடையே கனத்த மெத்தை போன்ற அடுக்கு வேண்டும்.

பெட்ரோல் டாங்கின் மேல் வைக்கும் பை இதற்கு மிகவும் ஏற்றது. அது இரு அச்சுகளுக்கும் நடுவில் உள்ளது. ஓட்டுநர் கண்முன் இருக்கின்றது. பின்சக்கரத்தின் மேலுள்ள கேரியரைப்போல் துள்ளுவதில்லை. நான்கு கிலோவுக்கு மேற்படாமல், கைப்பிடி முழுதும் திரும்ப இடம்விட்டு அமைக்கவேண்டும். காந்தத்தால் ஒட்டும் பையாயின் இரும்பு டாங்கில்தான் ஒட்டும். அடியில் மணல் துகள் சிக்கினால் வண்ணத்தைத் தேய்த்துவிடும். நெசவாளரும் செராமிக் தொழிலாளரும் சேர்ந்து ஒரே கண்காட்சிக்குச் செல்வதாயின் ஒரு வசதியுண்டு. துண்டும் படுக்கை விரிப்பும் பீங்கானுக்கு வைக்கோலினும் நல்ல சுற்றாகும். தனியே பொதிபொருள் வேண்டுவதில்லை. பட்டுச் சேலையை மட்டும் இதற்குப் பயன்படுத்தற்க.

நம் கடலூர் மாவட்டத்தின் பெருமழை ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் பெய்வது. கண்காட்சிகளுக்கான தீபாவளிக் காலமும் அதுவே. மழையுறை என்று பையோடு தரும் மெல்லிய உறை காற்றில் பலூனாகி விலகும். சக்கரம் வாரியிறைக்கும் நீரை அது தடுப்பதுமில்லை. வெளியே எது இருப்பினும், உள்ளே தடித்த பாலித்தீன் பையொன்றை இட்டு, வாயை மூன்று நான்கு சுற்று உருட்டி மடித்துக் கட்டுவதே நம்பத்தக்கது. ஊசித் துளையில்லாமல் ஒட்டிய தார்ப்பாய்ப் பைகள் இம்முறையையே வெளிப்பையிலும் கையாளுகின்றன. அவற்றில் மழை புகாது. ஆனால் உள்ளே ஈரத்துணியை வைத்தால் அந்த ஈரமும் வெளியேறாது.

வடக்கே செல்வோர்க்கு

சேலத்தை அடைந்தால் கன்னியாகுமரியிலிருந்து ஸ்ரீநகர் செல்லும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை கிடைக்கின்றது. மணாலி வழியாக லே செல்வோர் வேறு பாதையில் பிரிந்து ஏறுகின்றனர். 2020 அக்டோபரில் அடல் சுரங்கப்பாதை திறக்கப்பட்டபின் ரோத்தாங் கணவாயில் ஏறவேண்டிய கட்டாயம் நீங்கிற்று. ஆயினும் அதற்கப்பால் 5,300 மீட்டர் உயரமுள்ள தங்லங் லா போன்ற கணவாய்களைக் கடந்தே ஆகவேண்டும். தாண்டி என்னும் ஊரிலுள்ள பெட்ரோல் நிலையத்தில், அடுத்த நிலையம் 365 கிலோமீட்டருக்கு அப்பால் என்று எழுதிய பலகை பயணிகளிடையே பெயர்பெற்றது. இவ்வழியில் கூடுதல் பெட்ரோல் கொண்டுசெல்ல வேண்டியிருக்கலாம். 5 லிட்டர் பெட்ரோலின் எடை ஏறக்குறைய 3.7 கிலோ, அதற்குரிய உலோகக் குடுவையில், சைலன்ஸருக்கு எதிர்ப்புறத்தில், தாழ்வாகக் கட்டுக. தண்ணீர்ப் புட்டியில் பெட்ரோலை நிரப்புவோர் உண்டு. அது மிகவும் அபாயகரமானது. அவ்வுயரத்தில் மூச்சுத் திணறும் நேரத்தில் விழுந்த வண்டியைத் தனியொருவராகத் தூக்க வேண்டிவரும் என்பதையும் எண்ணி, ஊரிலேயே பொதியைக் குறைத்துக்கொள்ளுதல் நன்று. மூன்று நாள் உடையைத் துவைத்து உடுத்துபவர்க்கும் முப்பது நாள் பயணம் நடக்கும்.

ரயிலில் வண்டியை அனுப்பிவிட்டு வடக்கே சென்று இறங்க எண்ணுவோர், பார்சலில் ஏற்றுமுன் டாங்கிலுள்ள பெட்ரோலை வடித்துவிட வேண்டுமென்பதை அறிந்திருக்க வேண்டும்.

இனி, சங்கத்தைச் சார்ந்த ஒரு செய்தி. சில ஊர்களில் அங்கத்தினர், "இத்தகைய பைகளை நாமே நெய்து தைத்து விற்றால் என்ன?" என்று கேட்கின்றனர். நல்ல கேள்வியே. தடித்த நூலில் நெய்த கைத்தறிச் சரக்குக்குப் பெயருண்டு என்பதற்கு 2005 ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற பவானி ஜமக்காளமே சான்று. ஆனால் சேலைத் தறியில் கித்தான் நெய்ய முடியாது. அந்நெருக்கத்துக்கு அடிக்கும் அடியைத் தறிச்சட்டமே தாங்காது. தடித்த விரிப்பு நெய்யும் தறி உள்ள சங்கங்கள் முதலில் பத்துப் பைகளுக்கான துணியை மட்டும் நெய்து, நல்ல தையற்காரரிடம் தந்து, அங்கத்தினர் வண்டிகளிலேயே ஒரு மழைக்காலம் ஓட்டிப் பார்ப்பது தகும். நாடா சேருமிடம் எங்கே பிய்கின்றது, சைலன்ஸர் பக்கம் எவ்வாறு கருகுகின்றது என்பனவெல்லாம் அப்போதே தெரியும். அதற்குமுன் நூல் கொள்முதலுக்குக் கடன் விண்ணப்பம் எழுத வேண்டா. எழுதினால் நானே கேள்வி எழுப்புவேன்.

அலுமினியப் பெட்டி வாங்கத் தனிநபர் கடன் கேட்டு வரும் விண்ணப்பங்களைப் பற்றியும் நிர்வாகக் குழுவினர் என்னைக் கேட்டதுண்டு. வியாபாரத்துக்கு அது பயன்படுமென்பதை ஆர்டர் புத்தகம் காட்டினால் பரிசீலிக்கலாம். லடாக் போவதற்கென்றால், சேமிப்புக் கணக்கிலிருந்து எடுத்துச் செல்லுதலே முறை.

புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்னரே எல்லாப் பொருள்களையும் பைகளில் இட்டு, ஒவ்வொரு பையையும் சங்கக் கிடங்கின் தராசில் நிறுத்து, இடப்புறம் எத்தனை, வலப்புறம் எத்தனை, மேலே எத்தனை என்று சீட்டில் குறித்துக்கொள்க. இருபுறத்துக்கும் ஒரு கிலோவுக்கு மேல் வேறுபாடு இருந்தால் மாற்றி அடுக்குக. பிறகு முழுப் பாரத்தோடு உளுந்தூர்பேட்டை வரை ஒருமுறை போய்வருக. ஆளில்லாத நேரான சாலையில் இருமுறை அழுத்தி நிறுத்திப் பார்த்து, எவ்வளவு தூரத்தில் வண்டி நிற்கின்றதென்பதை அறிந்துகொள்க. திரும்பி வந்ததும் பைகளைக் கழற்றாமல் ஒவ்வொரு நாடாவையும் கையால் இழுத்துப் பார்த்து, தளர்ந்ததன்மேல் சுண்ணக்கட்டியால் குறியிடுக. பயணத்தின்போது முதலில் பார்க்கவேண்டிய நாடா அதுவே.